நறுக்கு ஆறு பாட்டை அடைத்த கதை

பத்திரிகை ஆபீஸில் வரி விளம்பரம் வாங்கும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் நறுக்கு.

ஏன் என்று விசாரிக்கத் தேவையில்லை. அந்தக் கவுன்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே விளங்கிவிடும். ஒரு பெரியவர் வருவார், மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"மாடியில ஒரு போர்ஷன் சார், ரெண்டு ரூமு. ஜன்னலத் திறந்தா காத்து சும்மா ஆளையே தூக்கும். நாங்க கீழதான் இருக்கோம், வயசானவங்க, நல்ல மனுஷங்களா யாராவது வந்தா பேச்சுத் துணைக்கும்..."

நறுக்கு அதற்குள் எழுதி முடித்துப் பேனாவையும் மூடியிருப்பார். "மாடி. இரு அறை. காற்றோட்டம். குடும்பத்தார் மட்டும். அவ்ளோதான, கையெழுத்துப் போடுங்க."

"நல்ல மனுஷங்கன்னு போடலையே சார்?"

"கெட்டவன் எவனாவது அதப் படிச்சுட்டு, 'அடடா, நமக்கில்லையே'ன்னு திரும்பிப் போவானா? வேஸ்ட்டு. அடுத்தது யாரு?"

பெரியவர் அதுவும் நியாயம்தானே என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். நறுக்கு அதற்குள் அடுத்தவருடைய பழைய சைக்கிளை இரண்டு வார்த்தையில் விற்றுக்கொண்டிருப்பார்.

இந்த வியாதி கவுன்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வரும்.

"இன்னிக்கு மார்க்கெட்ல யாரப் பாத்தேன் தெரியுமா..." என்று மனைவி வாயெடுத்தால் போதும்.

"உன் பழைய டீச்சர்."

"இல்லங்க, நம்ம..."

"எதிர்வீடு காலி பண்ணிட்டுப் போனாங்களே, அவங்க."

"சொல்ல விடுவீங்களா மாட்டீங்களா?"

"சரி, சொல்லு. உன் சித்தப்பா பையனா?"

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். நாள் முழுக்க, 'மூச்சப் புடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க' என்று ஊராரை அடக்கி வைக்கத் தெரிந்தவர். வீட்டிலிருக்கும் இந்த ஒரு வாயை மட்டும் அவரால் இத்தனை வருஷமாக அடக்க முடியவில்லை. "நம்ம கல்யாணத்தன்னிக்கு போட்டோக்காரர் 'சிரிங்க'ன்னு சொல்றதுக்குள்ள சிரிச்சு முடிச்ச ஆளு இவரு. ஆல்பம் பூரா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பாரு" என்பார் வருகிறவர்களிடம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பொழுதுபோக்கும் அப்படியே பொருந்தியது.

டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடுவார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய எட்டு பிட் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, ஒட்டுப்போட்டு, உயிர் கொடுத்து, அதில் பாட்டுப் போட்டுக் கேட்பது இவர்கள் வேலை. ஸ்கூலின் சொந்தக்காரர்தான் தலைவர். அவரை டிரைவிங் மாஸ்டர் என்பார்கள். எதைப் பேசினாலும் எதிரிலிருப்பவர் ஸ்டியரிங் பிடித்திருக்கிற மாதிரியே பேசுவார். டீ ஊற்றினால்கூட, "மெதுவா, மெதுவா, ஒடிக்காத, நேரா விடு... ஆங், நிப்பாட்டு!"

அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இன்றைக்கு நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு பூனைப் படம்கூடக் கொள்ளாது. வால் நுனி வேண்டுமானால் கொள்ளும். உள்ளே மூன்று குரல் மட்டும் தெரிந்த ஒரு சிப் இருக்கிறது. நொடிக்கு ஐம்பது தடவை அதன் காதில் ஓத வேண்டும்: முதல் குரல் இந்த உயரத்தில், இரண்டாவது இவ்வளவு சத்தத்தில், மூன்றாவது வாயை மூடு. ஓதுவதையெல்லாம் அப்படியே எழுதி வைத்தால் ஒரு பாட்டு பாதி போவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

இங்கேதான் நறுக்கு வருகிறார். ஒரு துணுக்கு ஓசை முன்னாலேயே வந்திருக்கிறதா என்று தேடுவார். வந்திருந்தால் அதை மறுபடி எழுத மாட்டார். 'இவ்வளவு தூரம் பின்னால் போ, அங்கிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்' என்று ஒரு சின்னக் குறிப்பு வைப்பார். பாட்டு என்றால் வந்ததே திரும்பத் திரும்ப வரத்தானே செய்யும்? ஆகவே மூட்டை மூட்டையாக இருப்பது பொட்டலமாகிவிடும். கம்ப்யூட்டர் அதைப் பிரித்துப் பாடும்போது ஒரு சுரம் குறையாது. அதுதான் அவருடைய பெருமை. "வெட்டறது வேற, அடைக்கறது வேற. நான் அடைக்கறவன்" என்பார், கவுன்டரில் நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்து.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பதைத் தாண்டியவன். நறுக்கு அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்; அதனால் எல்லாருக்கும் அவன் தம்பி. சொந்தமாக மெட்டுக் கட்டுவான், கேட்டால் மனசு எங்கேயோ போகும். அவனுக்குப் பேச்சு திக்கும். அதைப் பற்றி மற்றவர்கள் கூச்சப்படுவார்களே தவிர அவன் கூச்சப்படுவதில்லை. "லி... லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கள நான் வெளிய எடுப்பேன். வா... வார்த்தைக்குள்ள நான் மாட்டிக்கிட்டா, நானேதான் ஏறி வரணும்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு மட்டும் திக்காது.

அவன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் மாஸ்டர் மோட்டுவளையைப் பார்ப்பார். நறுக்கு என்ன செய்வார் என்று சொல்லவும் வேண்டுமா? வார்த்தையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவார். அதை அவர் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நூலகத்து மாடி ஹாலை எடுத்து, பொதுஜனத்தைக் கூப்பிட்டு, ஆறு பேருடைய பாட்டைப் போட்டுக் காட்டுவதென்று முடிவாயிற்று. காலையில் ஒரு காட்சி, சாயந்திரம் அதே காட்சி மறுபடியும்.

"ஆனா ஒண்ணு," என்றார் மாஸ்டர். "ஆறு பாட்டும், படமும், எல்லாம் ஒரே லோடுல ஏறிடணும். நடுவுல திரும்ப டிஸ்க்க போட்டா டிரைவ் படுத்துக்கும். ஹைவேல நின்ன லாரி மாதிரி நானு பேன்னு முழிக்கணும்."

"ஒரே லோடு. ஆறும் உள்ள. ஒரு சுரம் குறையாது," என்றார் நறுக்கு. "போதுமா?"

"அப்பறம், பாட்டு வர்றதுக்கு முன்னாடி அவங்கவங்க எழுந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

எல்லார் கண்ணும் ஒரு கணம் தம்பிமேல் போய்த் திரும்பியது. அவன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல, "நான் பே... பேசல. எங்க அக்கா வராங்க. எனக்குப் பதிலா பா... பா..."

"பாட்டு பேசும்," என்றார் நறுக்கு.

"...பாட்டு பேசும்," என்று முடித்தான் தம்பி, இவர் முடித்துக் கொடுத்ததைக் காதில் வாங்காதவன்போல.

படியில் இறங்கும்போது அவன் பக்கத்தில் வந்தான். "அண்ணே, அந்தக் கீ... கீபோர்டு..."

"திரும்பவும் மக்கரா? ஒரு தட்டு தட்டினா மூணு தட்டு விழுது, அதான? தெரியும்டா. நான் பாத்துக்கறேன், விடு."

அவன் பழசாக வாங்கிய கீபோர்டு அப்படித்தான் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சிரிப்பு. தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நறுக்கு அதற்குள் நாலு படி இறங்கியிருந்தார்.

ஐந்து பாட்டு மடியில் உட்காரும் குழந்தை மாதிரி அடங்கிவிட்டது. மாஸ்டருடைய பாட்டு உள்ளங்கையளவுக்குச் சுருங்கியது. "அவரு மாதிரியே. சொன்னதையே சொல்லுது," என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். ஆறாவது, தம்பியுடையது. அது அடங்க மாட்டேன் என்றது.

நறுக்கு திரையை உற்றுப் பார்த்தார். மெட்டு அழகாகக் கிளம்புகிறது. நாலாவது சுரத்தில் நின்றுவிடுகிறது. அதே சுரம் குட்டியாக ஒரு தட்டு. கொஞ்சம் மௌனம். நீளமாக ஒரு தட்டு. மறுபடி மௌனம். அப்புறம்தான் அடுத்த சுரத்துக்குத் தாவுகிறது. பாட்டு நெடுக அங்கங்கே இப்படி. ஓர் இடத்தில் நின்ற மாதிரி இன்னோர் இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு தடையும் ஒவ்வொரு விதம். 'பின்னால் போய் எடுத்துக்கொள்' என்று சொல்வதற்குப் பின்னால் ஒத்துப்போகிற ஒன்றுகூட இல்லை. பாட்டைவிடத் தடைகள்தான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கீபோர்டு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

கைப்பேசியை எடுத்தார். தம்பியின் எண்ணுக்கு மேலே விரல் நின்றது. திரும்ப வைத்துவிட்டார்.

"யாருக்கு?" என்றார் மனைவி.

"லிஃப்ட்காரத் தம்பிக்கு. ஒரு சந்தேகம்."

"கேட்டுட வேண்டியதுதான?"

"அவன் 'ஹலோ' சொல்றதுக்குள்ள என் டீ ஆறிப் போயிடும். பதில் தெரிஞ்ச கேள்விதான், விடு."

மனைவி சிரிக்கவில்லை. அவருக்கே கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் வேலை இழுத்தது. தட்டுகளையெல்லாம் ஒன்றாக்கினார், மௌனங்களை எடுத்தார், சுரத்தை அடுத்த சுரத்தோடு சேர்த்துத் தைத்தார். கசங்கிய சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரி பாட்டு வழவழவென்று ஆகிவிட்டது. அப்புறம் அடைத்தால் சொன்னபடி கேட்டது. இடம்கூட மிச்சம். மிச்சமான இடத்தில், ஆறாவது பாட்டு முடிந்ததும் மினுக்கிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்தார்: 'அடைத்தவர் நறுக்கு. ஒரு சுரம் குறையவில்லை.'

காலைக் காட்சிக்கு மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பழைய பெட்டி டிவியின் முன்னால் மாஸ்டர் நின்று, "எல்லாரும் சீட்ட நல்லா அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க. வண்டி கெளம்பப் போகுது" என்றார். ஐந்து பேர் பேசினார்கள், ஐந்து பாட்டு வந்தது. ஆறாவதுக்குத் தம்பி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

நறுக்கு அவனுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். பாட்டு கிளம்பியது. தம்பி முட்டியில் ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதில் விரல் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. விரல் அங்கேயே இருந்தது. அடுத்த இடம் வந்தது. அதிலும் பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. தம்பி கையை முட்டியிலிருந்து எடுத்து இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு விரலைப் பார்த்த மாத்திரத்தில் நறுக்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கீபோர்டும் இல்லை, மக்கரும் இல்லை. அந்தத் தடைகள்தான் பாட்டு. அவன் பேசும்போது வார்த்தை எப்படி நிற்குமோ, எப்படித் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒருவழியாகத் தாண்டுமோ, அதையே மெட்டாகக் கட்டியிருந்தான். 'எனக்குப் பதிலா பாட்டு பேசும்' என்று அவன் சொன்னது காதில் விழுந்தும், அதையும் தானே முடித்துக் கொடுத்தவர் இவர்.

திரையில் எழுத்துகள் மினுக்கிக்கொண்டு ஓடின. 'ஒரு சுரம் குறையவில்லை.' சபை கைதட்டியது.

"பாத்தீங்களா!" என்று மாஸ்டர் கூவினார். "கியர் மாத்தின சத்தமே கேக்கல! சரளமா, தண்ணி மாதிரி!"

நறுக்கு எழுந்திருக்கவில்லை. திரையில் ஓடும் அந்த வரி சட்டென்று அணைந்துவிடாதா என்று இருந்தது. அது எப்போது அணையும் என்று அவருக்கே தெரியும். மூன்று தடவை ஓடும்படி அவர்தான் வைத்திருந்தார்.

வராந்தாவில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான்.

"அண்ணே, ரொம்ப ந... நல்லா சரி பண்ணிட்டீங்க."

"டேய் தம்பி, அது வந்து..."

"சின்ன வயசுல பே... பேச்சு டாக்டர்கிட்ட எத்தன வருஷம் போனேன் தெரியுமா? நீங்க ஒரே சா... சாயந்திரத்துல குணப்படுத்திட்டீங்க."

"கீபோர்டு கோளாறுன்னு நெனச்சேன்டா. சத்தியமா."

"கீபோர்டு மா... மாத்தியாச்சுண்ணே. அன்னிக்குப் படியில அதத்தான் சொல்ல வந்தேன்." தம்ளரில் தண்ணீர் பிடித்தான், குடிக்கவில்லை. "ஒரு போ... போன் பண்ணிருக்கலாமே?"

"டைம் இல்லடா..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். நேரம் இருந்தது. கைப்பேசி கையில் இருந்தது. எண் திரையில் இருந்தது. அவன் 'ஹலோ'வுக்காகக் காத்திருக்க வேண்டுமே என்றுதான் வைத்தார். அதைச் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தார். தம்பி அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. ஆனால் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறவனைப்போல அவரைப் பார்த்தான்.

"அக்கா சாயந்திரம்தான் வராங்க," என்றான். "கடையில, ஸ்கூல்ல, வே... வேலைக்கு இன்டர்வியூ போனப்பகூட அவங்கதான் எனக்குப் ப... பதில் சொன்னாங்க. பாசம்தான். ஆனா நான் முடிக்கற வரைக்கும் அவங்க ஒரு தடவகூட உக்காந்து கேட்டதில்ல. பாட்டுன்னா நடுவுல பு... புகுந்து யாரும் முடிச்சுவைக்க முடியாதுன்னு நெனச்சேன்." தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றினான். "உங்கள ம... மறந்துட்டேன்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நறுக்கு நின்றுகொண்டே போனார். ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முன் சீட்டில் ஓர் அம்மாள் கைப்பேசியில் யாருக்கோ நீட்டி முழக்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் இவருடைய வாய் உள்ளுக்குள் முன்கூட்டியே முடித்தது. தானே கவனித்தார். நிறுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில் மனைவி கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். நறுக்கு எல்லாவற்றையும் சொன்னார். டீ ஆறிப்போகும் என்று சொன்னதையும் விடவில்லை.

"அத நான் அன்னிக்கே கேட்டேன்," என்றார் மனைவி. அதுவே போதுமாக இருந்தது.

தம்பி கொடுத்த மூலப் பாட்டு அப்படியே இருந்தது. நறுக்கு அதை எடுத்தார், அடைத்தார். மினுக்கும் வரியைத் தூக்கி எறிந்தார். கொள்ளவில்லை. படங்களைச் சின்னதாக்கினார். அப்போதும் கொள்ளவில்லை. கொஞ்சம்தான் பிதுங்கியது, ஆனால் பிதுங்கியது. மற்றவர்கள் பாட்டில் கை வைப்பதற்கு இனி அவருக்குத் தைரியம் இல்லை.

"போன் போடுங்க," என்றார் மனைவி.

"இப்பவா? அவன் மூஞ்சில எப்படி..."

"மூஞ்சி தெரியாது. போனு. போடுங்க."

மணி அடித்தது. எடுத்தான். நறுக்கு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஆரம்பித்தான். "க... க..."

'கடைசிப் படத்த எடுத்துடுங்க'. நறுக்கின் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்துவிட்டார். பொத்தென்று மனைவியின் உள்ளங்கை வந்து அதை மூடியது.

"மூச்சப் புடிங்க," என்றார் மனைவி ரகசியக் குரலில். "அசையாதீங்க."

"க... கடைசிப் பகுதியில..."

'கடைசிப் பகுதியை வெட்டிடுங்க'. உள்ளங்கைக்குள் உதடு துடித்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வெட்கத்தினாலா மூச்சு முட்டியதாலா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"...மூ... மூணாவது குரல் சும்மா கூடவே வரும்ணே. அத எ... எடுத்துடுங்க. அது அலங்காரம்தான். ஆனா நிக்கற இடம் ஒ... ஒண்ணுகூடப் போகக் கூடாது."

அவர் மனசு முடித்து வைத்திருந்த எதுவுமே அதில் இல்லை.

"ம், விடுங்க," என்று மனைவி கையை எடுத்தார்.

மூன்றாவது குரலை எடுத்ததும் பாட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

சாயந்திரக் காட்சியில் முன்வரிசையில் தம்பியின் அக்கா இருந்தார். உட்காரும்போதே மாஸ்டர் தம்பியிடம், "நீயே அஞ்சாவது பாட்டுக்கும் பட்டன அமுக்கிடறியாப்பா?" என்று கேட்க, "அமுக்குவான், அமுக்குவான். அதெல்லாம் நல்லா பண்ணுவான்" என்று அக்காதான் பதில் சொன்னார். நறுக்குக்கு யாரோ தன் குரலில் பேசுகிற மாதிரி இருந்தது.

ஆறாவது பாட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

நின்றது. குட்டியாக ஒரு தட்டு. மௌனம். நீளமாக ஒரு தட்டு.

"ஐயோ, மாட்டிக்கிச்சு!" மாஸ்டர் ஓடிவந்து பெட்டியின் தலையில் அடிக்கக் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க!" நறுக்கு பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் டான்ஸ் ஆடுகிறவர்கள்போல அப்படியே நிற்க, பாட்டு தானாகத் தாண்டி அடுத்த சுரத்தில் குதித்தது. சபையில் சிரிப்பு.

அடுத்த தடை வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த மௌனத்தில் முன்வரிசையிலிருந்து மெதுவாக ஒரு முனகல் கேட்டது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மெட்டு அடுத்து எங்கே போகும் என்று தானே பாடி முடித்துவிட்டார், கீழ்ச் சுரத்தில். பாட்டு ஒரு தட்டு தட்டிவிட்டு, மேலே போயிற்று.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மிச்சப் பாட்டு முழுக்க எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறை நின்றபோதும் முதுகு மட்டும் நிமிர்ந்து நிமிர்ந்து அடங்கியது.

முடிந்ததும் கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. மாஸ்டர் முன்னால் வந்து, "மன்னிச்சுக்குங்க. காலையில வந்தவங்க குடுத்து வச்சவங்க. இப்ப மெஷின் கொஞ்சம் மக்கர்..."

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்று எழுந்தார் நறுக்கு. குரல் பிசிறியது. "பாட்டே இப்படித்தான். காலையில போட்டதுதான் தப்பு. நான் வெட்டிட்டேன். கேக்காம வெட்டிட்டேன். கேட்டா நேரமாகும்னு கேக்கல." அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் அவருடையதாயிற்றே. "இந்தப் பாட்டு எதப் பத்தின்னா, இந்தத் தம்பி சின்ன வயசுலேருந்து பேச்சுல எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கான்னா, அவங்க அக்காவும்..."

"போதும்ணே," என்றான் தம்பி.

ஒரு திக்கல் இல்லை. நடுவில் வெட்டினான், சுத்தமாக. நறுக்கு அப்படியே உட்கார்ந்தார். காதுமடல் இரண்டும் தீயாய் எரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அவன் கதையைத் தானே சொல்லி முடிக்கப் பார்த்திருக்கிறார்.

கூட்டம் கலைந்தபோது அக்கா தம்பியிடம் வந்தார். "ஏன்டா, அங்க கீழ போகும்னுல்ல நெனச்சேன்?"

"நீ எ... எப்பவும் அப்படித்தான் நெனப்ப."

அக்கா பதிலுக்கு ஏதோ சொல்ல வந்து, சொல்லவில்லை. அவன் தோளில் செல்லமாக ஓர் அடி கொடுத்துவிட்டு, "மெதுவா வா. கீழ நிக்கறேன்," என்று போனார்.

நாற்காலிகளை மடக்கியாயிற்று. மாஸ்டர் டிவியைத் தூக்கிக்கொண்டு, "ரிவர்ஸ், ரிவர்ஸ், ஓரம்!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். ஹாலில் இவர்கள் இரண்டு பேர்தான். தம்பி குனிந்து கம்ப்யூட்டரின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நறுக்கு பக்கத்தில் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

தம்பி நிமிர்ந்தான். "அ... அண்ணே..."

நறுக்கு அசையவில்லை.

"நீ... நீ..."

வார்த்தை மாட்டிக்கொண்டது. நறுக்கு அவன் முகத்தைப் பார்த்தார். மோட்டுவளையைப் பார்க்கவில்லை. 'நீங்க இனிமே என் பாட்டத் தொடாதீங்க' என்பானா? 'நீங்க பண்ணத மறக்க மாட்டேன்' என்பானா? எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார். கீழே தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே போய் ஓய்ந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"...நீங்க ஒயர மி... மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

நறுக்கு குனிந்து பார்த்தார். காலை எடுத்தார்.